முடி சாட்சி சொல்லுமா?

கொலை வழக்குச் செய்தி எதைத் திறந்தாலும் "சிக்கிய தலைமுடியே முக்கிய சாட்சி" என்கிறார்கள். முடி சாட்சி ஆகாது. சாட்சி வடசொல், கண்ணோடு கூடியவர், அதாவது நேரில் கண்டவர் என்பது அதன் மூலப்பொருள். சாட்சி கூண்டில் ஏறுவார், உறுதிமொழி எடுப்பார், குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்வார். முடிக்காகக் கூண்டேறுவது ஆய்வக நிபுணர், சாட்சி அவர்தான்.

1872-ஆம் ஆண்டின் இந்திய 'எவிடன்ஸ்' (Evidence) சட்டத்துக்குத் தமிழில் 'சாட்சியச் சட்டம்' என்று பெயர் வைத்ததில் தொடங்கியது இந்தக் குழப்பம். தமிழ்த் தீர்ப்புகள் தெளிவாகவே இருக்கின்றன: ஆளுக்கு அ.சா. (அரசுத் தரப்புச் சாட்சி), பொருளுக்கு சா.பொ. (சான்றுப்பொருள்). மொழிபெயர்ப்பாளர்கள் அதைக்கூடப் புரட்டிப் பார்ப்பதில்லை. தனித்தமிழ் அன்பர்கள் 'கரி' என்பார்கள். பொய்க்கரி (பொய்ச்சாட்சி) என்ற பழஞ்சொல் அழகானதுதான், ஆனால் கரி என்பதும் சாட்சி என்ற பொருளிலேயே வருகிறது; 'கரி கிடைத்தது' என்றால் இன்று அடுப்புதான் நினைவுக்கு வரும். 'ஆதாரம்' இன்னும் மோசம். எதற்கு ஆதாரம் என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிடுகிறது.

தடயம் அப்படியல்ல. தடத்தை நினைவூட்டும் சொல். ஏதோ இங்கே பட்டுச் சென்றிருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளும். களத்தில் கிடப்பது தடயம், நீதிமன்றத்தில் எண் பெற்றபின் சான்றுப்பொருள்.

களத்தில் முடியை இடுக்கியால் எடுத்துத் தாளில் மடித்து, உறையிலிட்டு, முத்திரை வைக்க வேண்டும். ஈரமாக இருந்தால் முதலில் உலர்த்த வேண்டும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். நுண்ணோக்கியில் முதல் கேள்வி, மனித முடியா விலங்கு முடியா என்பது. நடுவில் ஓடும் மெடுல்லா என்ற உள்தண்டின் அகலம் முடியின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் பெரும்பாலும் மனிதருடையது. பாதிக்கு மேல் போனால் விலங்கினுடையது. பிடுங்கப்பட்ட முடியின் வேரில் சதை ஒட்டியிருந்தால் முழு மரபணுச் சோதனைக்கு வாய்ப்பு அதிகம். தானாக உதிர்ந்ததில் பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.தான் மிஞ்சும், அது தாய்வழி வருவது, உடன்பிறந்தவர்களுக்கும் பொது.

இதற்குப் பிறகும் "முடி பொருந்தியது" என்று எழுதுகிறார்கள். பூட்டுக்குச் சாவி பொருந்துவதுபோல் வாசகர் எடுத்துக்கொள்வார். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. தன் பழைய வழக்குகளை மீளாய்வு செய்து 2015-இல் வெளியிட்ட முடிவின்படி, குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிபுணர்கள் முடி ஒப்பீட்டைச் சொன்ன 268 விசாரணைகளில் 257-இல் தவறான கூற்றுகள் இருந்தன. நுண்ணோக்கி காட்டிய ஒற்றுமைக்கு மேல் அவர்கள் பேசியிருந்தார்கள். 'ஒத்திருக்கிறது' என்று அறிக்கை சொன்னால் தமிழிலும் அதையே எழுதுங்கள். அடுத்த வரியில் "இவருடையதாக இருக்கலாம் என்பதை மறுக்க முடியவில்லை, வேறொருவருடையதாகவும் இருக்கலாம்" என்பதையும் சேருங்கள். தலைப்பு நீளும், நீளட்டும்.