கூறெடுப்புச் சாய்வு: யார் காட்டிய பாரபட்சம்?

‘மாதிரிப் பாரபட்சம்’ என்று இன்னொரு அறிக்கையிலும் பார்த்தாயிற்று. கணக்கெடுப்பில் விசாரிக்கத் தேர்ந்தெடுத்த சிலர் மொத்தப் பேரையும் பிரதிபலிக்காமல் ஒரு பக்கமாகவே அமைந்துவிடுவது சாம்பிளிங் பயாஸ். அதற்கு இதுதான் தமிழ் என்று யாரோ ஒருமுறை எழுதிவிட்டார்கள், மற்றவர்கள் யோசிக்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பயாஸ் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். சரிவு, குறுக்குவாட்டம் என்று பொருள். ஆங்கிலேயரின் புல்தரை உருட்டுப்பந்து ஆட்டத்தில் பந்து நேரே ஓடாது, ஒரு பக்கம் வளைந்து போகும். அதற்கும் இதே பெயர்தான். மனம் ஒரு பக்கம் சாய்வது என்பது பிறகு வந்த பொருள்.

பாரபட்சம் அப்படியல்ல. அதை யாராவது ‘காட்ட’ வேண்டும். “கடைக்குட்டி என்றால் அப்பாவுக்குப் பாரபட்சம்” என்கிறோம். அப்பா என்று ஓர் ஆள் அங்கே இருக்கிறார். கணக்கெடுப்பில் அந்த ஆள் யார்? பகல் பதினொரு மணிக்குப் போய்க் கதவு பூட்டியிருக்கக் கண்டு அடுத்த வீட்டுக்கு நகரும் களப்பணியாளரா? வேலைக்குப் போனவர்கள் விடுபட்டு, வீட்டில் இருந்தவர்களே கணக்கில் நிறைந்ததில் அவருக்கு ஓரவஞ்சனை ஏதுமில்லை. குற்றம் முறையில் இருக்க, சொல் ஆளைக் கூண்டில் ஏற்றுகிறது.

இந்தியப் பொருளாதாரக் கண்காணிப்பு மையம் வீட்டு வரவுசெலவை விசாரித்து நடத்தும் நுகர்வோர் பிரமிடு கணக்கெடுப்பைப் பற்றி 2021-இல் எழுந்த விவாதம் இதற்கு நல்ல சான்று. பெரிய தெருவில் தொடங்கி, அங்கே போதிய வீடுகள் தேறாவிட்டால்தான் உள்தெருவுக்குப் போகிறார்கள், அதனால் ஏழைகள் விடுபடுகிறார்கள் என்றார்கள் பொருளியலாளர்கள் ஜான் திரேஸும் அன்மோல் சோமஞ்சியும். மையத்தின் மகேஷ் வியாஸ் மறுத்து எழுதினார். இரு தரப்பும் பேசியது எந்தத் தெருவில் தொடங்குவது என்பதைப் பற்றி. இதைத் தமிழில் ‘பாரபட்சம்’ என்று எழுதினால் மையம் வேண்டுமென்றே ஏழைகளை ஒதுக்கியதாகத்தான் வாசகர் படிப்பார்.

சிலர் ‘மாதிரிப் பிழை’ என்று எழுதித் தப்பிக்கிறார்கள். அது இன்னும் மோசம். கூறெடுப்புப் பிழை (சாம்பிளிங் எரர்) தற்செயலானது; கூறு, அதாவது சாம்பிள், பெரிதானால் குறையும். சாய்வு அப்படிக் குறையாது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது லிட்டரரி டைஜஸ்ட் இதழ் ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பி, இருபது லட்சத்துக்கு மேல் பதில் வாங்கியும், ரூஸ்வெல்ட் தோற்பார் என்றது. முகவரிகளில் பெரும்பகுதி தொலைபேசிப் புத்தகத்திலும் கார் பதிவிலும் எடுத்தவை, அதாவது வசதியுள்ளவர்களுடையவை. அதிலும் பதில் போட்டவர்கள் கால்வாசிக்குச் சற்றுக் குறைவு. ரூஸ்வெல்ட்டோ அறுபது சதவீதத்துக்கு மேல் வாக்கு வாங்கி வென்றார். ‘மாதிரி’யிலேயே எனக்குச் சம்மதமில்லை, மாடலுக்கும் அதே சொல்லாயிற்றே. பாடநூலில் ‘கூறு’, ‘கூறெடுப்பு’ என்று நல்ல சொற்கள் இருக்கின்றன.

தனித்தமிழ் அன்பர்கள் ‘கோட்டம்’ என்பார்கள், வளைவு என்ற பொருளில். ‘ஒருபால் கோடாமை சான்றோர்க்கு அணி’ என்று தராசை வைத்தே சொல்லியிருக்கிறது குறள். இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது. ஆனால் இன்று ‘கூறெடுப்புக் கோட்டம்’ என்று படித்தால் மின்வாரியக் கோட்டம், அஞ்சல் கோட்டம் வரிசையில் இன்னொரு அலுவலகம் என்றுதான் தோன்றும். ‘சார்பு’ம் ஆகாது, கணக்கில் அது ஃபங்ஷன். ஆகவே என் ஓட்டு ‘கூறெடுப்புச் சாய்வு’க்கு. கோட்டின் சாய்வும் அதே சொல்தானே என்பார்கள். இருக்கட்டுமே, முன்னால் ‘கூறெடுப்பு’ நிற்கும்போது யாரும் வரைபடத் தாளைத் தேடப்போவதில்லை.

இதே அறிக்கைகளில் ஹவுஸ்ஹோல்ட் சர்வேக்கு ‘வீட்டு ஆய்வு’ என்று போடுகிறார்கள். வருமான வரிக்காரர்கள் வந்துபோனது போலிருக்கிறது. அங்கே எண்ணுவது கட்டடத்தையல்ல, ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடும் ஆட்களை. ஒரு கூரையின் கீழ் இரண்டு சமையல் என்றால் கணக்கில் இரண்டு. அதற்குக் ‘குடித்தனம்’ என்று பெயர். எந்த ஒண்டுக்குடித்தனத்தில் கேட்டாலும் சொல்வார்கள்.