வானத்தில் மர்ம வெளிச்சமா? முதலில் நேரத்தையும் திசையையும் எழுதுங்கள்

பறக்கும் தட்டு பார்த்ததாகச் சொல்பவரிடம் "எவ்வளவு பெரிசு? எவ்வளவு தூரம்?" என்று கேட்பதில்தான் விசாரணை தடம் மாறுகிறது. அவரும் பஸ் அளவு, ஒரு கிலோமீட்டர் உயரம் என்று ஏதோ சொல்லிவிடுவார். இருட்டில் தனியாகத் தெரியும் வெளிச்சத்தின் தூரத்தைக் கண்ணால் அளக்கவே முடியாது. தூரம் தெரியாமல் அளவும் தெரியாது. ஆனால் அவர் வெளிச்சத்தைப் பார்த்தது உண்மை. அவரைப் பொய்யராக்கிவிட்டால் மீதித் தகவலும் கிடைக்காது.

பார்த்த இடத்துக்கே அவரை அழைத்துப் போய்க் கைநீட்டிக் காட்டச் சொல்லுங்கள். நீட்டிய கையின் முஷ்டி அகலம் ஏறக்குறைய 10 டிகிரி, சுண்டுவிரல் 1 டிகிரி. அடிவானத்திலிருந்து எத்தனை முஷ்டி உயரம் என்று குறியுங்கள். திசைக்குப் போனில் உள்ள காம்பஸ் போதும். இரும்பு கேட், வண்டி பக்கத்தில் மட்டும் நிற்க வேண்டாம், முள் தப்பாகக் காட்டும். பார்த்தவர்கள் பலர் என்றால் தனித்தனியாகக் கேளுங்கள். "வெள்ளிக் கோளாக இருக்குமோ?" என்று நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள்.

இந்த அடிப்படை எவ்வளவு முக்கியம் என்பதற்கு லடாக் சாட்சி. 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை பாங்காங் ஏரிப் பகுதியில் இராணுவம் 329 முறை வெளிச்சங்களைப் பதிவு செய்தது. சீன உளவு ட்ரோன் என்று சந்தேகம். பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தார் கவனித்தது, அவை விண்மீன்களோடு சேர்ந்து நகர்கின்றனவா, தனியாக நகர்கின்றனவா என்பதை. மாலையில் தோன்றி இரவெல்லாம் தெரிந்தது வியாழன் கோள், விடியலுக்கு முன் வந்தது வெள்ளிக் கோள்.

இதை நீங்களும் செய்யலாம். தலையைச் சுவரில் அசையாமல் சாய்த்து, வெளிச்சத்தைக் கூரை விளிம்புக்கு நேராக வைத்து 5 நிமிடம் பாருங்கள். வானம் மணிக்கு 15 டிகிரி சுற்றுகிறது. ஆகவே கோள் என்றால் ஒரு சுண்டுவிரல் அகலத்துக்குச் சற்றுக் கூடுதலாக நகர்ந்திருக்கும். விளிம்பு இல்லாமல் வெறித்துப் பார்த்தால், அசையாத புள்ளிகூட அங்குமிங்கும் போவதாகத் தோன்றும். நம் கண் செய்யும் வேலை அது.

வீடியோ வந்தால் வாட்ஸ்அப் பிரதியை நம்பி உட்காராதீர்கள். அதில் எடுத்த நேரம் போன்ற விவரங்கள் போய்விடும், தரமும் குறையும். மூலக் கோப்பைக் கேளுங்கள். ஜூம் செய்யும்போது ஃபோகஸ் தவறினால் சின்னப் புள்ளி பெரிய வட்டாகிவிடும், நடுவில் வளையம்கூடத் தெரியும். அதே போனில், அதே ஜூமில், தூரத்துத் தெருவிளக்கை எடுத்து ஒப்பிட்டால் விளங்கிவிடும்.

பிறகு ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபடச் செயலியில் இடத்தையும் நேரத்தையும் கொடுங்கள். செயற்கைக்கோள் பட்டியல்களில் பலவும் உலக நேரத்தில் (UTC) இருக்கும். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்ட மறந்தால் வேறொரு வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கோர்த்த மணிபோல வரிசையாகப் போனால் ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்கள். நகராமல் நின்று, பிறகு திரும்பிப் போனதென்றால் நம்மை நோக்கி வந்த விமானத்தின் விளக்கா என்று விமானங்களின் பாதையைக் காட்டும் ஃப்ளைட்ரேடார் தளத்தில் பழைய பதிவை ஓட்டிப் பாருங்கள். அந்திநேரப் புகைவால் என்றால் ராக்கெட், ஏவுகணைச் செய்தி தேடுங்கள். 2022 டிசம்பர் 15 மாலை மேற்கு வங்கத்தார் பார்த்து வியந்தது அக்னி-5 ஏவுகணைச் சோதனையைத்தான்.

எதுவும் பொருந்தவில்லையா? குறிப்பேட்டில் "தகவல் போதவில்லை" என்று எழுதி, மறுநாள் அதே நேரத்துக்கு அதே இடத்தில் போய் நில்லுங்கள். வானம் தெளிவாக இருந்து வெளிச்சமும் திரும்ப அங்கேயே வந்தால், கூரை விளிம்புச் சோதனையிலிருந்து மறுபடி தொடங்கலாம்.