நோயாளியைப் பார்க்கச் செல்லும் நாய்

பிரிட்டன், அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் நாய் வளர்ப்பவர்கள் பலர், ஓய்வு நேரத்தில் தம் நாயை அழைத்துக்கொண்டு மருத்துவமனைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் சென்று, அங்கிருப்பவர்களோடு சிறிது நேரம் இருந்துவிட்டு வருகிறார்கள். பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களுக்குத் தரப்படும் நீண்ட பயிற்சி இவற்றுக்கு இல்லை. பெரும்பாலானவை வீட்டு நாய்களே. ஆகவே எந்த நாயைத் தேர்ந்தெடுக்கிறோம், கயிற்றைப் பிடித்திருப்பவர் அதன் மனநிலையை எவ்வளவு சரியாக உணர்கிறார் என்பவற்றைப் பொறுத்தே இந்தத் தன்னார்வப் பணியின் பயன் அமைகிறது.

1944இல் நியூகினியில் டெங்கு காய்ச்சலால் மருத்துவமனையில் இருந்த அமெரிக்கப் படைவீரர் வில்லியம் வின்னிடம், அவருடைய ஸ்மோக்கி என்ற சின்னஞ்சிறு யார்க்ஷயர் டெரியர் இன நாயை நண்பர்கள் கொண்டுவந்து காட்டினர். பிறகு அது காயமுற்ற மற்ற வீரர்களிடமும் சென்றது. தற்செயலாக நடந்த இத்தகைய சந்திப்புகள் முறையான பணியாக மாறப் பல ஆண்டுகள் ஆயின. பிரிட்டனின் ‘பெட்ஸ் ஆஸ் தெரபி’ அமைப்பு 1983இல்தான் தொடங்கப்பட்டது.

இத்தகைய அமைப்புகள் நாயைச் சேர்ப்பதற்கு முன் சோதிக்கின்றன. காது, வால், பாதம் ஆகியவற்றை அந்நியர் தொட்டுப் பார்ப்பார். பின்னால் திடீரென ஓசை எழுப்புவார். கையில் தின்பண்டத்தை வைத்து நீட்டுவார். ஓசை கேட்டு நாய் திடுக்கிடுவது இயல்பே என்பதால் அதைக் குறையாகக் கொள்வதில்லை. திடுக்கிட்ட நாய் எவ்வளவு விரைவில் அமைதிக்குத் திரும்புகிறது என்பதையே கவனிக்கின்றனர்.

சோதனையில் தேறிய நாய்க்கும் மருத்துவமனை கடினமான இடமே. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்றால், நாய்க்கு 40,000 ஹெர்ட்ஸைத் தாண்டியும் கேட்கும்; கிருமிநாசினியின் நெடியும் அதற்குப் பல மடங்கு கூடுதலாகத் தெரியும். களைப்போ அச்சமோ ஏற்பட்டால் உடனே உறுமுவதில்லை. பசியில்லாதபோதும் உதட்டை நக்குகிறது, தூக்கமில்லாமலே கொட்டாவி விடுகிறது, முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, கண்ணின் வெள்ளை தெரியக் கடைக்கண்ணால் பார்க்கிறது. நாய்க்கு வியர்வைச் சுரப்பிகள் முக்கியமாகப் பாதத்தில் இருப்பதால், பதற்றம் கூடும்போது வழுவழுப்பான தரையில் ஈரத் தடமும் பதிவதுண்டு. இவற்றைக் கண்டதும், நோயாளி எவ்வளவு ஆசையாக இருந்தாலும், நாயை வெளியே அழைத்துச் சென்றுவிட வேண்டும். பழகாதவர் கண்ணுக்கு இவை அனைத்தும் செல்லச் சேட்டைகளாகவே தோன்றும் என்பதால், நாயோடு அதை வளர்ப்பவரே வர வேண்டியிருக்கிறது.

தடவிக்கொடுப்பவரின் உடலில் என்ன நிகழ்கிறது என்பதைச் சொல்வதில் நிதானம் தேவை. நாயும் அதை வளர்ப்பவரும் கண்ணோடு கண் நோக்கும்போது இருவரிடத்தும், பிணைப்புணர்வோடு தொடர்புடைய ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் கூடுவதாக ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015இல் கண்டறிந்தனர். மருத்துவமனை நாய்களைப் பற்றிப் பேசுவோர் இதை அடிக்கடி எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் நெடுநாள் பழகியவர்களிடம் கண்டதை, முன்பின் அறியாத நோயாளிக்கு அப்படியே பொருத்துவது சரியாகாது. 2019இல் வெளியான வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு இதைவிட நேரடியானது. அதில் 249 மாணவர்களுள் ஒரு பிரிவினர் 10 நிமிடம் நாய்களையும் பூனைகளையும் தடவிக்கொடுத்தனர். மற்றவர்கள் அதைப் பார்த்தனர், படங்களைக் கண்டனர் அல்லது வெறுமனே காத்திருந்தனர். தொட்டவர்களின் உமிழ்நீரில்தான் கார்டிசால் குறைவாக இருந்தது. மன அழுத்தத்தின் போது கூடும் இந்த ஹார்மோன், தொடாமல் பார்த்தவர்களிடம் அந்த அளவுக்குக் குறையவில்லை.

தொடுகைக்கு இன்னொரு விளைவும் உண்டு. மருத்துவமனைக் கிருமிகள் ஒரு நோயாளியின் கையிலிருந்து நாயின் மயிருக்கும், அங்கிருந்து அடுத்த நோயாளியின் கைக்கும் போகலாம். கனடாவின் ஒன்டாரியோவில் மருத்துவமனைகளுக்குச் சென்றுவந்த ஆரோக்கியமான 102 நாய்களைச் சோதித்தபோது, பாதிக்கும் மேற்பட்டவற்றில் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கக்கூடிய குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் இருந்தது. இக்கிருமியின் வித்துகளை ஆல்கஹால் திரவம் கொல்லாது. சோப்பு போட்டுக் கழுவினால் அவை கையைவிட்டு அகலும். பச்சை இறைச்சி தின்னும் நாய்கள், வயிற்று நோயை உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமியை மலத்தில் வெளியேற்றுவது கூடுதல் என்பதால், அவற்றைப் பல அமைப்புகள் சேர்ப்பதில்லை. சந்திப்புக்கு முன் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த ஷாம்புவால் குளிப்பாட்டி, இடையிடையே அதே மருந்தில் நனைத்த துணியால் துடைத்துவிட்டால் கிருமி பரவுவது குறைகிறது என அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டனர். அமெரிக்காவில் 2015இல் மருத்துவமனைகளுக்கென வெளியான வழிகாட்டுதல் ஒரு சந்திப்பை ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கச் சொல்கிறது. அதற்குக் காரணமாகக் கூறப்படுவது நாயின் களைப்பு.