மாடு, பசு, காடு: பிள்ளையின் காது எதுகையைப் பிடிப்பது எப்படி?

"மாடு, பசு, காடு. இதுல ஒரே மாதிரி கேக்குற ரெண்டு எது?" மதுரைப் பக்கத்து அங்கன்வாடியில் நாலு வயதுப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். "மாடும் பசுவும்" என்றே பதில் வரக்கூடும். காதில் குறையில்லை. அந்த வயதில் சொல்லைக் கேட்டதும் கொம்பும் வாலும் முன்னால் வந்து நிற்கும், ஓசை பின்னுக்குப் போய்விடும். பொருளை ஒதுக்கிவிட்டு ஓசையை மட்டும் கேட்கப் பழகுவதே இங்கே பாடம். வாசிப்புக்கு இது அடித்தளம். நாலைந்து வயதில் ஓசை ஒற்றுமையைப் பிடிக்கும் பிள்ளைகள் பின்னர் நன்றாக வாசிப்பதை உளவியல் ஆய்வாளர்களான பிராட்லி, பிரையன்ட் இருவரும் 1983இல் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளிடம் கண்டார்கள்.

ஆடு–மாடு என்று தொடங்காதீர்கள். பேச்சிலேயே சேர்ந்து வரும் ஜோடி அது. பிள்ளை ஓசையால் சொன்னதா, பழக்கத்தால் சொன்னதா என்று தெரியாது. மல்லி–பல்லி அருமையான ஜோடி. தலையில் வைக்கும் பூவுக்கும் சுவரில் ஊர்வதற்கும் உறவே கிடையாது.

சொல்லுக்குச் சொல் ஒரு நொடி இடைவெளி விடுங்கள். 'மல்–லி, பல்–லி' என்று தொடையில் தட்டிச் சொல்லுங்கள். மூன்று சொல்லுக்கு மேல் வேண்டாம், நாலாவது வருவதற்குள் முதல் சொல் மறந்துபோகும். முதல் சில வாரம் "ஒண்ணா கேக்குதா, இல்லையா?" மட்டும். பிறகு மூன்றில் ஒன்றை ஒதுக்கச் சொல்லுங்கள். தானாகச் சொல் உண்டாக்குவது கடினம், அது கடைசியில் வரட்டும். "மல்லி, பல்லி, அப்புறம்?" என்றதும் "டல்லி!" என்றால் கைதட்டுங்கள். அர்த்தமே இல்லாத சொல் வந்தால் காதுதான் வேலை செய்கிறது என்று உறுதி. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும்.

இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை, இலக்கணப்படி பாட்டு–பூட்டும் எதுகைதான். ஆனாலும் தொடக்கத்தில் பட்டு–தட்டு போல முதலெழுத்தின் உயிரும் ஒன்றாக இருப்பதையே கொடுங்கள், சின்னக் காதுக்கு எளிது. உருபு ஒட்டிய சொற்களைத் தவிர்த்துவிடுங்கள். கடைக்கு, ஊருக்கு, மதுரைக்கு என்றால் எல்லாமே 'க்கு' என்றுதான் முடியும், பிள்ளை கற்க அதில் ஒன்றுமில்லை.

இன்னொன்று, நம் பக்கத்துப் பேச்சில் ழ பெரும்பாலும் ள ஆகிவிடும். தெப்பக்குளத்தைப் பார்த்து "குளம், பளம்" என்று பிள்ளை சொன்னால் அது சரியான விடை. வீட்டில் கேட்ட ஓசையைத்தான் அது சேர்த்திருக்கிறது. ழகரத்தை எழுத்துப் பழக்கும்போது திருத்திக்கொள்ளலாம்.