துறைமுக லொறிப் புகை: புகைப் பரிசோதனை எதைப் பிடிக்கிறது, பழைய லொறியை மாற்றும் திட்டம் எப்படி நடக்கிறது

பழைய லொறியை ஒப்படைத்துவிட்டு மானியத்தோடு புதியது வாங்கும் திட்டம் திருகோணமலைத் துறைமுகத்தில் இன்றைக்கு இல்லை. லொறிப் புகைக்கு இங்கே இருக்கும் கடிவாளம் வருடாந்தப் புகைப் பரிசோதனைதான். அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ், லோங் பீச் துறைமுகங்களோ 2008இல் பழைய லொறிகளை வாசலிலேயே மறித்தன. அந்தத் திட்டம் எப்படி நடந்தது என்று தெரிந்தால் நமது சோதனையின் ஓட்டைகளும் தெரியும்.

துறைமுக வேலைக்கு வரும் லொறி பெரும்பாலும் கிழட்டு லொறி. தூர ஓட்டத்துக்கு உதவாது என்று விற்கப்படும் வண்டிதான் குறுந்தூரச் சுமைக்கு வரும். இது எல்லா நாட்டுக்கும் பொது. அஷ்ரப் இறங்குதுறைப் பக்கமோ சீனக்குடாவோ, சுமை ஏற்றும் நேரத்தைவிட வரிசையில் நிற்கும் நேரம் கூட. எஞ்சின் ஓடியபடி நிற்கும். பத்து அடி நகரும், மறுபடி நிற்கும். சூடு ஏறாத எஞ்சினில் டீசல் முழுதாக எரியாது, கரி கூடும். அந்தக் கரியைச் சுவாசிப்பவர்கள் முதலில் சாரதியும் உதவியாளரும், பிறகு வீதியோரத்துக் கடைக்காரர்கள். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இல் முதலாம் வகுப்பில் சேர்த்துவிட்டது.

இனி நமது விதி. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2003இல் வாகனப் புகைக்கான அளவுகள் வர்த்தமானியில் வெளியாகின. பரிசோதனை 2008இல் தொடங்கியது. வாகன வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் பிரதேச செயலகத்துக்குப் போகும் லொறிக்காரர் காப்புறுதியோடும் வாகனத் தகுதிச் சான்றிதழோடும் புகைச் சான்றிதழையும் காட்ட வேண்டும். சான்றிதழ் ஒரு வருடத்துக்குச் செல்லும்.

டீசல் வண்டியில் பார்ப்பது புகையின் அடர்த்தி மட்டும். கியரை நியூட்ரலில் வைத்து, எக்சிலேட்டரை ஒரேயடியாக அடிவரை மிதித்து, எஞ்சின் உச்சச் சுற்றுக்குப் போனதும் விடுவார்கள். சைலன்சர் குழாய்க்குள் செருகிய கருவி, புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்று அளக்கும். பல தடவை மிதித்துச் சராசரி எடுப்பார்கள். சுமை ஏற்றியிருந்தாலும் இல்லாவிட்டாலும் இதில் வித்தியாசம் வராது.

தோற்கும் லொறிகளில் காரணம் அநேகமாக இவைதான்: அடைத்துப்போன எயார் ஃபில்டர், துளித்துளியாகச் சொட்டும் இன்ஜெக்டர் நொசில், டர்போவிலிருந்து போகும் குழாயில் காற்றுக் கசிவு, டீசலைக் கூட்டித் திருகிய பம்ப். எயார் ஃபில்டர்தான் இவற்றில் மிக மலிவு, ஆனால் சீமெந்து ஏற்றும் லொறியில் அதுதான் முதலில் அடைபடும். ஆகவே சோதனைக்கு முன் அதைக் கழற்றிப் பாருங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தாளின் மடிப்புகளுக்குள் ஒளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் காற்றடித்துச் சுத்தம் செய்ய நினைக்காமல் மாற்றிவிடுங்கள். கடுமையாக அடிக்கும் காற்று தாளைக் கிழித்துவிடும், அதன் பிறகு சீமெந்துத் தூள் நேரே சிலிண்டருக்குள்தான். நொசிலைக் கழற்றி அழுத்தக் கருவியில் பூட்டி, தெளிக்கிறதா சொட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். புகையின் நிறமும் ஆளைக் காட்டிக் கொடுக்கும்: கறுப்பென்றால் டீசல் கூட அல்லது காற்றுக் குறைவு, நீலமென்றால் எஞ்சின் ஒயில் எரிகிறது. எஞ்சின் சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் எரியாத டீசல், இல்லையேல் சிலிண்டருக்குள் இறங்கும் தண்ணீர்.

பரிசோதனை நிலையத்துக்கு வண்டியைக் குளிர்ந்தபடி கொண்டுபோகாதீர்கள். இருபது நிமிடமாவது ஓட்டிச் சூடாக்கிப் போங்கள். அங்கே போய் ஐட்லிங்கில் நெடுநேரம் நிறுத்தினால் சைலன்சரில் கரி படிந்து, முதல் மிதிப்பிலேயே எல்லாம் வெளியே வரும்.

ஓட்டை எங்கே என்றால், பம்பின் டீசல் திருகில். சோதனைக்கு முதல்நாள் அதைக் குறைப்பது, சான்றிதழ் கையில் வந்ததும் பழையபடி கூட்டுவது. சுமையோடு ஏறக் கூடுதல் இழுவை கிடைக்கும் என்று செய்கிறார்கள். கறுப்பாகப் போகும் புகையெல்லாம் காசு கொடுத்து வாங்கிய டீசல் என்பதை மறந்துவிடுகிறார்கள். சோதனை இதைப் பிடிக்காது, வீதியில் நிறுத்திச் செய்யும் திடீர்ப் பரிசோதனைதான் பிடிக்கும். நைதரசன் ஒக்சைட்டையும் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களையும் சோதனை அளப்பதே இல்லை. முப்பது வயது எஞ்சினை நன்றாகப் பராமரித்தால் அது சித்தியடைந்துவிடும். ஆனாலும் அது முப்பது வயது எஞ்சின்தான்.

வயது ஏன் முக்கியம் என்பதற்கு அமெரிக்க அளவு ஒன்று போதும். அங்கே 2007இல் வந்த கனரக எஞ்சின் விதி, ஒரு குதிரைவலு-மணிக்கு (ஒரு குதிரைவலு ஒரு மணி நேரம் செய்யும் வேலைக்கு) அனுமதித்த கரித்துகளை 0.1 கிராமிலிருந்து 0.01 கிராமாகக் குறைத்தது, பத்தில் ஒன்றாக. எந்த மெக்கானிக்கும் திருகித் திருகி இந்த வித்தியாசத்தைக் கொண்டுவர முடியாது.

லொஸ் ஏஞ்சலிஸிலும் லோங் பீச்சிலும் செய்தது இதுதான். 2008 ஒக்டோபர் 1 முதல், 1989க்கு முந்திய லொறிகளுக்கு வாசல் மூடப்பட்டது. 2010 ஜனவரியில் 1993 வரையானவையும், புகைக்குழாயில் கரி வடிகட்டி பூட்டாத 1994–2003 லொறிகளும் போயின. 2012 ஜனவரி முதல் 2007 விதிக்கு ஒத்த லொறி மட்டுமே உள்ளே. ஒவ்வொரு லொறியும் பதிவேட்டில் இருக்க வேண்டும், வாசலில் மின்னணு அட்டை அதைக் காட்டிக் கொடுக்கும். பதிவில்லாத லொறிக்குக் கொள்கலன் கிடையாது. செலவுக்கென்று 2009இல் 20 அடிக் கொள்கலனுக்கு 35 டொலர் வீதம் சரக்கு உரிமையாளரிடம் அறவிட்டார்கள். 2022 ஏப்ரலில் தொடங்கிய புதிய கட்டணம் 10 டொலர், அது புகையே விடாத லொறிகளுக்கான நிதிக்குப் போகிறது.

இதோடு அமெரிக்க மத்திய அரசின் டீசல் புகைக் குறைப்பு மானியமும் உண்டு. அதன் சில அறிவிப்புகளில் துறைமுக லொறியின் விலையில் பாதி வரை கிடைத்தது, சாதாரண டீசல் லொறிக்குக் கால்வாசிதான். நிபந்தனை கடுமையானது. பழைய லொறியை விற்க முடியாது, கொல்ல வேண்டும். எஞ்சின் புளொக்கில் 3 அங்குல ஓட்டை போட்டு, சேஸி இரும்பை இரண்டு பக்கமும் வெட்டி, எஞ்சின் இலக்கம் தெரியப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். இது வீண் கெடுபிடி அல்ல. இங்கே அப்படியொரு நிபந்தனை இல்லாமல் மானியம் கொடுத்தால், துறைமுகத்தில் ஓடாத லொறி அடுத்த வாரம் கந்தளாயில் நெல் ஏற்றும். புகை இடம் மாறும், குறையாது.

அங்கே பிழையாகிப்போனதும் உண்டு. லொறி வாங்கும் சுமை கம்பனிகளிடமிருந்து சாரதிகளின் தோளுக்கு மாறியது. தவணைக்கு எடுத்த லொறிக்குக் கிழமைச் சம்பளத்திலேயே கழிவு, வேலையை விட்டால் கட்டிய பணமும் போய் லொறியும் போய்விடும். சாரதிகளைக் கம்பனிகள் நிரந்தர ஊழியராக எடுக்க வேண்டும் என்று லொஸ் ஏஞ்சலிஸ் துறைமுகம் போட்ட விதி 2011இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் விழுந்தது. இங்கே எவராவது திட்டம் கொண்டுவந்தால் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: தவணை யார் பெயரில்?

இரண்டாவது கேள்வி எரிபொருள். கரி வடிகட்டி பூட்டிய லொறிக்குக் கந்தகம் குறைந்த டீசல் வேண்டும். நமது பெற்றோல் நிலையங்களில் அதற்கு ஏற்றது சுப்பர் டீசல், விலை ஒட்டோ டீசலைவிடக் கூட. வடிகட்டியில் சேர்ந்த கரி எரிய 550–600 பாகை செல்சியஸ் சூடும் வேண்டும். துறைமுகத்துக்கும் களஞ்சியத்துக்கும் இடையில் மட்டும் ஓடும் லொறி அந்தச் சூட்டைத் தொடாது, வடிகட்டி அடைத்து எஞ்சின் வலுக் குறையும். இடையிடையே ஹபரணை வரை சுமையோடு ஒரு நீண்ட ஓட்டம் போனால் தானாகச் சுத்தமாகும். இதைச் சொல்லித்தராமல் லொறியை மட்டும் கொடுத்தால், ஆறு மாதத்தில் கராஜில் வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்குழாய் பூட்டுவார்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 தொடக்கத்தில் மீண்டும் திறக்கப்படும் வரை பழைய லொறிகளின் விலை ஏறியதை எல்லோரும் பார்த்தோம். விலை ஏறிய லொறியை உடைக்கக் கொடுக்கச் சொன்னால் அரைகுறை மானியத்துக்கு எவரும் வரமாட்டார்கள்.

அமெரிக்க மானியம் கேட்டவர் லொறி கடந்த இரண்டு வருடமும் உண்மையில் ஓடியது என்று எழுத்தில் காட்ட வேண்டியிருந்தது, வருடத்துக்குக் குறைந்தது 7,000 மைல். மூலையில் கிடக்கும் இரும்புக்குப் பணம் இல்லை. இங்கும் திட்டம் வந்தால் இதையே கேட்பார்கள். வருமான அனுமதிப்பத்திரங்களையும் புகைச் சான்றிதழ்களையும் துறைமுக வாசலில் தரும் துண்டுகளையும் டீசல் பற்றுச்சீட்டுகளையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். டாஷ்போர்டில் வைத்தால் வெயிலில் எழுத்து அழிந்துவிடும். முக்கியமானவற்றைக் கைபேசியில் படமும் எடுத்துவிடுங்கள்.