வெளிநாட்டில் காய்ச்சல் வந்தால் எந்தக் கதவைத் தட்டுவது?

இரவு பதினொன்றரை மணிக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் வந்தன. இரண்டும் மாத்திரை அட்டைகள். ஒன்று, பயணத்துக்கு முன் நான் எழுதிக்கொடுத்த பாராசிட்டமால் 650. மற்றொன்று அவர் போயிருந்த நாட்டில் வாங்கியது. கூடவே ஒரு குரல் பதிவு: "மூணு நாளாக் காய்ச்சல் டாக்டர். உடம்பெல்லாம் வலி. நம்ம மாத்திரைக்குக் கேட்கலை. அதனால இங்க மருந்துக்கடையில வேற ஒண்ணு வாங்கி, ரெண்டையும் சேர்த்துப் போட்டுக்கிட்டு வரேன்."

மகள் வீட்டுக்குப் போயிருந்த அறுபது வயதுக்காரர். இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பளிச்சென்ற வணிகப் பெயருக்குக் கீழே, பொடி எழுத்தில், அசெட்டமினோஃபென் 500 மி.கி. என்று இருந்தது.

அசெட்டமினோஃபென், பாராசிட்டமால் இரண்டும் ஒரே மருந்து. அமெரிக்கா, கனடா, ஜப்பான் போன்ற நாடுகளில் அதற்கு அசெட்டமினோஃபென் என்று பெயர். நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் பெரியவருக்கே 24 மணி நேரத்தில் 4 கிராம்தான் உச்ச அளவு. இவர் 650 மாத்திரையை நாலு வேளையும், 500 மாத்திரையை இரண்டிரண்டாக நாலு வேளையும் போட்டிருக்கிறார். கூட்டினால் ஒரு நாளைக்கு 6.6 கிராம். அதுவும் ஒன்றரை நாளாக.

"எனக்கு ஒண்ணும் பண்ணலையே டாக்டர்" என்றார். பாராசிட்டமால் அளவு மீறினால் பயப்பட வேண்டியதே இதனால்தான். முதல் நாள் லேசான குமட்டல் இருக்கலாம், அதுகூட இல்லாமலும் போகலாம். கல்லீரல் பாதிப்பு இரண்டு, மூன்று நாள் கழித்துத்தான் தலைகாட்டும். "ரெண்டையும் உடனே நிறுத்துங்க சார். ரெண்டு அட்டையையும் கையில எடுத்துக்கிட்டு இப்பவே எமர்ஜென்சிக்குப் போங்க" என்றேன். அங்கே இரத்தத்தில் மருந்தின் அளவையும் கல்லீரலையும் பார்த்து, முறிமருந்தான அசிட்டைல்சிஸ்டீனை ஏற்றினார்கள். நல்லபடியாகத் திரும்பி வந்தார். அவருக்கு வந்திருந்தது சாதாரண வைரஸ் காய்ச்சல்.

குடும்ப மருத்துவராக இத்தனை வருடத்தில் நான் பார்த்தவரை, பயணத்தில் பெரும்பாலானவர்களுக்கு வருவது புதுவித நோய்கள் இல்லை. சளி, தொண்டை வலி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல், சிறுநீர்க் கடுப்பு, தோலில் தடிப்பு, இவ்வளவுதான். ஆனால் சொந்த ஊரில் எதற்கு யாரிடம் போவது என்று யோசிக்காமலே தெரிகிறது. வெளியூரில் அது தெரியாததால், சிலர் ஐந்து நாள் அறையிலேயே சுருண்டு கிடக்கிறார்கள். சிலர் மூக்கடைப்புக்குப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மருந்துக்கு இரண்டு பெயர்

கடைக்காரர் சொல்வதும் அட்டையில் பெரிதாக இருப்பதும் வணிகப் பெயர். அதற்குக் கீழே சிறிதாக இருப்பது ஜெனரிக் பெயர், அதாவது மருந்தின் மூலப்பெயர். மூலப்பெயர்கள் எல்லா நாட்டுக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1953 முதல் பட்டியல் வெளியிட்டு வருகிறது. சில பழைய மருந்துகள் மட்டும் விதிவிலக்கு. ஆஸ்துமாவுக்கான சால்பூட்டமால் அமெரிக்காவில் ஆல்பியூட்டரால். அட்ரினலின் அங்கே எபிநெஃப்ரின்.

வணிகப் பெயரை மட்டும் நம்பிப் போனால் இதைவிடப் பெரிய சிக்கலும் வரலாம். ஒரே வணிகப் பெயர் இரண்டு நாட்டில் இரண்டு வேறு மருந்தாக இருப்பதுண்டு. ஃப்ளோமாக்ஸ் என்பது அமெரிக்காவில் ப்ராஸ்டேட் வீக்கத்துக்கான டாம்சுலோசின். இத்தாலியில் அதே பெயரில் வலி, வீக்கத்துக்கான மருந்து விற்பனையானது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2006-இல் இதைப் பற்றியே பொதுமக்களை எச்சரித்தது.

அதனால் பயணம் போகும் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு தாள் எழுதிக் கொடுக்கிறேன். வயது, இருக்கும் நோய்கள், தினமும் எடுக்கும் மருந்துகளின் மூலப்பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, செய்துகொண்ட அறுவை சிகிச்சைகள். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதையும், அப்போது என்ன ஆனது என்பதையும் எழுத வேண்டும். 'பென்சிலின் அலர்ஜி' என்பதைவிட 'பென்சிலின் போட்டு பத்து நிமிடத்தில் முகம் வீங்கி மூச்சுத் திணறியது' என்ற வரி அந்த ஊர் மருத்துவருக்கு எவ்வளவோ மேல். இதய நோயாளி என்றால் கடைசியாக எடுத்த ஈசிஜியைப் படம் பிடித்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஈசிஜி கையில் இருந்தால் 'இது புதிதா, ஏற்கெனவே இருந்ததா' என்ற கேள்விக்கு ஒரு நிமிடத்தில் பதில் கிடைத்துவிடும். இரத்த வகையைத்தான் எல்லோரும் முதலில் எழுதுகிறார்கள். எப்படியும் மருத்துவமனையில் அதைப் பரிசோதித்துவிட்டுத்தான் இரத்தம் ஏற்றுவார்கள். மருந்துப் பட்டியலே முக்கியம்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னும் இரண்டு வார்த்தை. சர்க்கரை அளவைச் சில நாடுகளில் மி.கி./டெ.லி. (100 மில்லி இரத்தத்தில் எத்தனை மில்லிகிராம்) என்றும், பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் மில்லிமோல் என்றும் சொல்வார்கள். அங்கே 10 என்றால் நமக்குப் பழக்கமான கணக்கில் 180. என்னிடம் சிகிச்சை பெறும் ஒரு அம்மா, தலைசுற்றலுக்குப் பக்கத்து வீட்டுக் கருவியில் பார்த்திருக்கிறார். 15 என்று காட்டியிருக்கிறது. சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது என்று பதறி, கரண்டி கரண்டியாகச் சர்க்கரையைக் கரைத்துக் குடித்துவிட்டார். உண்மையில் அது 270. இரண்டாவது, இன்சுலின். சில நாடுகளில் மில்லிக்கு 40 யூனிட் கொண்ட குப்பிகள் புழக்கத்தில் உண்டு. மற்ற பல நாடுகளில் 100 யூனிட் மட்டும்தான். 40 யூனிட் ஊசியைக் கொண்டு 100 யூனிட் மருந்தை எடுத்தால், பத்து என்று நினைத்துப் போடுவது இருபத்தைந்தாகிவிடும். மருந்தையும் ஊசியையும் ஒன்றாகவே கொண்டுபோங்கள். விமானத்தில் அவை கைப்பையில்தான் இருக்க வேண்டும். சரக்குப் பகுதிக்குப் போகும் பெட்டியில் வைத்தால் இன்சுலின் உறைந்து வீணாகலாம், பெட்டியே வந்து சேராமலும் போகலாம்.

எல்லா மருந்தும் எல்லா எல்லையையும் தாண்டாது. இருமல் மருந்தில் இருக்கும் கோடீன், வலிக்கான டிரமடால் இரண்டும் ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. ஜப்பானில், மூக்கடைப்புக்கான சூடோஎஃபிட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள மருந்துகளைக் கொண்டுபோகவே கூடாது. மருந்தை அதன் சொந்த அட்டையிலேயே, மருந்துச் சீட்டோடு வையுங்கள். போகும் நாட்டின் தூதரக இணையதளத்தையும் ஒருமுறை பாருங்கள்.

முதலில் யாரிடம்?

மூக்கடைப்பு, லேசான தொண்டை வலி, பூச்சிக்கடி, ஒன்றிரண்டு முறை வயிற்றுப்போக்கு என்றால் முதல் கதவு மருந்தாளுநர். ஐரோப்பாவின் பல நாடுகளில் பச்சைச் சிலுவை விளக்கு தொங்கும் கடைகளில் படித்த மருந்தாளுநர் இருப்பார். தொந்தரவைச் சொன்னால் கேள்வி கேட்டு மருந்து தருவார், அல்லது மருத்துவரைப் பாருங்கள் என்பார். பிரான்ஸிலும் ஸ்பெயினிலும் இரவிலும் ஞாயிறிலும் முறைவைத்துச் சில கடைகள் திறந்திருக்கும். எது என்று மூடிய கடையின் கதவிலேயே ஒட்டியிருப்பார்கள். உங்கள் தாளை அவரிடம் நீட்டுங்கள். தெருவோரத்திலும் சந்தையிலும் விற்கும் மாத்திரையை மட்டும் வாங்காதீர்கள். குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் பத்தில் ஒரு மருந்துப் பொருள் தரமற்றது அல்லது போலி என்று உலக சுகாதார நிறுவனம் 2017-இல் மதிப்பிட்டது.

இரண்டாவது கதவு வெளிநோயாளி மருத்துவர். அமெரிக்காவில் சாதாரண காய்ச்சலுக்கும் காது வலிக்கும் 'அர்ஜென்ட் கேர்' மையங்கள் உண்டு. அவசரப் பிரிவை ஒப்பிட்டால் செலவு பல மடங்கு குறைவு. பிரிட்டனில் 111, ஜெர்மனியில் 116117 என்ற எண்ணில் கேட்டால் இந்த நேரத்தில் எங்கே போகலாம் என்று வழிகாட்டுவார்கள். பயணக் காப்பீடு இருந்தால் கிளினிக்குக்குக் கிளம்பும் முன் காப்பீட்டு நிறுவனத்தின் 24 மணி நேர உதவி எண்ணை அழையுங்கள். அவர்கள் பட்டியலில் உள்ள மருத்துவரிடம் போனால் பணம் கட்டும் தொல்லை பெரும்பாலும் இருக்காது. அழைக்காமல் போய்விட்டு, பிறகு ரசீதோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். இரத்த அழுத்தம், சர்க்கரை இருப்பதை விண்ணப்பத்தில் மறைத்தவர்கள் பாடு அதைவிட மோசம்.

மூன்றாவது கதவு அவசரப் பிரிவு. அழைக்க வேண்டிய எண் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 112, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, ஆஸ்திரேலியாவில் 000, சிங்கப்பூரில் 995, ஜப்பானில் 119. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், குழப்பமான பேச்சு, வலிப்பு, முகம் கோணுதல், கழுத்து விறைப்போடு காய்ச்சல், நிற்காத இரத்தப்போக்கு இருந்தால் காப்பீட்டை யோசிக்க வேண்டாம். அமெரிக்காவில் உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவரைப் பணம் கேட்டு அவசரப் பிரிவு திருப்பி அனுப்பக் கூடாது என்று 1986 முதல் சட்டமே இருக்கிறது. பில் பின்னால் வரும், அதை வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

மொழி தெரியாத இடத்தில், வீட்டுப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள். பத்து வயதுப் பெண் தன் அம்மாவின் இரத்தப்போக்கை மருத்துவரிடம் விளக்க வேண்டி வந்த நிலையைக் கேட்டு எனக்கு மனம் ஆறவில்லை. பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் தொலைபேசி வழி மொழிபெயர்ப்பாளர் உண்டு, கேட்டால்தான் தருவார்கள்.

வயிற்றுப்போக்கு

பயணிகளை அதிகம் படுத்தும் நோய் இதுதான். பெரும்பாலும் கிருமி கலந்த தண்ணீர், உணவு வழியாக வரும் ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்களால் வருகிறது. மூன்று முதல் ஐந்து நாளில் தானே அடங்கிவிடும். ஆளைச் சாய்ப்பது கிருமியைவிட நீர்ச்சத்து இழப்பு. ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் நான்கைந்து எடுத்துப்போங்கள். பொட்டலத்தில் ஒரு லிட்டரா, 200 மில்லியா என்று படித்துவிட்டுக் கரையுங்கள். தண்ணீர் குறைந்தால் உப்பு கூடிப்போகும். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஒரே மூச்சில் குடிக்காமல் வாய் வாயாகக் குடிக்க வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி தொடங்குங்கள்.

வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபெரமைடு மாத்திரை நீண்ட பேருந்துப் பயணத்துக்குக் கைகொடுக்கும். மலத்தில் இரத்தமோ கடும் காய்ச்சலோ இருந்தால் அதைத் தொடக் கூடாது. சிறு குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. ஆன்டிபயாடிக்கைத் தானே வாங்கிப் போடாதீர்கள். தெற்கு, தென்கிழக்கு ஆசியாவில் பலரும் கையில் வைத்திருக்கும் சிப்ரோஃப்ளாக்சசினுக்கு அங்குள்ள கிருமிகள் பல பணிவதே இல்லை.

இன்னொன்றைப் பலர் சொல்வதில்லை. மெட்ஃபார்மின், 'ஃப்ளோசின்' என்று முடியும் சர்க்கரை மாத்திரைகள், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகள், சிலவகை இரத்த அழுத்த மாத்திரைகள் ஆகியவற்றை உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் தொடர்ந்தால் ஆபத்து; சில சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். மெட்ஃபார்மினாலும் ஃப்ளோசின் வகையாலும் இரத்தத்தில் அமிலம் ஏறலாம். எதை, எத்தனை நாள் நிறுத்துவது என்று புறப்படும் முன்பே உங்கள் மருத்துவரிடம் கேட்டு அந்தத் தாளில் எழுதி வாங்குங்கள். எட்டு மணி நேரமாகச் சிறுநீரே போகவில்லை, எழுந்தால் கண் இருட்டுகிறது, மலத்தில் இரத்தம், குழந்தை அழும்போது கண்ணீர் இல்லை என்றால் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.

காய்ச்சல், போன இடத்திலும் வந்த பின்னும்

டெங்கு உள்ள நாடுகளில் காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும். ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் இரண்டும் இரத்தக்கசிவைக் கூட்டும். இதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் எடுப்பவர்கள் மட்டும் தாங்களாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேளுங்கள். காய்ச்சல் இறங்கியதும் பிழைத்தோம் என்று ஊர் சுற்றக் கிளம்பிவிடாதீர்கள். டெங்குவில் சிக்கல் தொடங்குவதே அப்போதுதான். அடங்காத வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், மிகுந்த சோர்வு இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவமனை.

மலேரியா வேறு மாதிரி. கொசு கடித்துக் குறைந்தது ஏழு நாளாவது ஆகும் காய்ச்சல் வர. ஆகவே ஒரு வாரப் பயணம் போனவருக்கு அது வீடு திரும்பிய பிறகுதான் தெரியும். மலேரியாவைத் தடுக்கும் மாத்திரையைத் தவறாமல் போட்டிருந்தாலும் வரலாம். ஃபால்சிபாரம் வகை பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் வெளிப்படும். வைவாக்ஸ் வகை பல மாதம் ஒளிந்திருந்தும் கிளம்பும். மலேரியா உள்ள இடத்துக்குப் போய்வந்து மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், அன்றைக்கே மருத்துவரிடம் போய், எந்த நாட்டுக்கு, எப்போது போனீர்கள், எப்போது திரும்பினீர்கள் என்பதை வாயெடுத்ததும் சொல்லுங்கள். நாங்கள் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்லுங்கள். முதல் பரிசோதனையில் மலேரியா இல்லை என்று வந்தாலும், சந்தேகம் இருந்தால் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் இன்னும் இரண்டு முறை இரத்தம் எடுப்போம். 'அதான் ஒருதடவை எடுத்தாச்சே' என்று வீட்டுக்குப் போய்விடாமல் மறுநாளும் வந்து கையை நீட்டுங்கள்.