கால் குடைச்சல் மாத்திரை: தொடங்கும் முன்பே வீட்டாருக்கும் தெரிய வேண்டியவை

“படுத்தால் காலுக்குள் ஏதோ ஊர்கிறது, குடைகிறது, எழுந்து நடந்தால்தான் அடங்குகிறது” என்று சொல்லி வருபவர்களில் பலருக்கு இருப்பது ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம். சத்துக் குறைவு, நரம்புத் தளர்ச்சி என்று வருடக்கணக்கில் அலைந்தவர்கள், பிரமிபெக்ஸோல் அல்லது ரோபினிரோல் மாத்திரை தொடங்கிய சில நாட்களில் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். எனக்குக் கவலை அங்கேதான் தொடங்குகிறது. சரியாகிவிட்டது என்று மறுபரிசோதனைக்கு வராமல், பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

இவை மூளையில் நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளைப் போலச் செயல்படும் மருந்துகள். பார்கின்சன் நோய்க்கும் இவற்றைத்தான் தருகிறோம். இணையத்தில் அதைப் படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம். உங்களுக்குப் பார்கின்சன் வந்துவிட்டது என்று பொருளில்லை.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. மாதங்களோ ஆண்டுகளோ கழித்து, மருந்தே நோயை முடுக்கிவிடக்கூடும். இரவு பத்து மணிக்கு வந்த குடைச்சல் மாலையிலேயே வரும், பிறகு பிற்பகலில். கைகளுக்கும் பரவும். பஸ்ஸில் அரை மணி நேரம் உட்கார முடியாது. நோய் முற்றிவிட்டது என்று நினைத்து நோயாளி தானாகவே அரை மாத்திரை கூட்டிக்கொள்வார். சில வாரம் சுகமாக இருக்கும், பிறகு முன்பைவிட மோசமாகும். டோபமைன் சார்ந்த இன்னொரு மருந்தான லெவோடோபாவில் இது இன்னும் விரைவாக நேர்கிறது. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2025-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இம்மருந்துகளை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்று சொல்வதற்கு இதுவே முக்கியக் காரணம். இந்த நிலைக்குத் தீர்வு அளவைக் கூட்டுவதல்ல. மருத்துவரின் மேற்பார்வையில் மெல்லக் குறைப்பது. சட்டென்று நிறுத்தினால் பல இரவுகள் கண்மூட முடியாத அளவுக்குக் குடைச்சல் திரும்பும். ஆகவே இதைப் படித்துவிட்டு இன்றே மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

அடுத்தது, நோயாளிகள் வாய் திறந்து சொல்லாதது. சிலருக்கு இம்மருந்துகள் மனக்கட்டுப்பாட்டைத் தளர்த்திவிடும். கைபேசியில் விடிய விடியப் பணம் வைத்து ரம்மி, தேவையில்லாத பொருள்களை வாங்கிக் குவிப்பது, நள்ளிரவில் அடங்காத பசி, கட்டுமீறிய பாலுணர்வு. குறைந்த அளவு மருந்திலும் இது வரலாம். வீட்டில் “புத்தி கெட்டுப்போய்விட்டது” என்கிறார்கள். அவரோ வெட்கத்தில் மறைக்கிறார். கால் குடைச்சல் மாத்திரைக்கும் கடனுக்கும் தொடர்பு இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? மருந்தைக் குறைத்து நிறுத்தும்போது பெரும்பாலும் இது அடங்கிவிடும். அதனால்தான் மருந்து எழுதும் அன்றே கணவனையோ மனைவியையோ உடன் வைத்துக்கொண்டு இதைப் பேசுகிறேன். தயவுசெய்து தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வண்டி ஓட்டுபவர்களிடம் கூடுதலாக ஒன்று சொல்வேன்: முன்னறிவிப்பே இல்லாமல் பகலில் தூக்கம் ஆளைச் சாய்த்துவிடலாம். ஒருமுறை அப்படி நேர்ந்தாலும் வண்டியைத் தொடாமல் மருத்துவரிடம் வாருங்கள்.

குமட்டலும் வரும். அதற்குக் கடையில் மெட்டோகுளோபிரமைடு வாங்கிப் போட்டால் குடைச்சல் அதிகரிக்கும். சளிக்கும் அரிப்புக்கும் வாங்கும், தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மாத்திரைகளும் அப்படியே. மனச்சோர்வு மருந்துகள் சிலவும் இதைத் தூண்டும். ஆனால் அவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது.

இப்போது முதலில் தருவது காபாபென்டின் அல்லது பிரீகாபலின். நோயை முடுக்கிவிடும் தொல்லை இவற்றில் இல்லையென்றாலும் தலைசுற்றல், தள்ளாட்டம், கால் வீக்கம், எடை கூடுதல், மனநிலை மாற்றம் உண்டு. முதியவர்கள் இரவில் கழிப்பறைக்கு எழும்போது விழுந்து இடுப்பெலும்பு முறியும் ஆபத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. சிறுநீரகம் வழியாகவே வெளியேறும் மருந்துகள் என்பதால், டயாலிசிஸ் செய்பவர்களுக்கு அளவை வெகுவாகக் குறைக்க வேண்டும். அவர்களில் நிறையப் பேருக்கு இந்தக் குடைச்சல் இருக்கிறது. டிரமடால் போன்ற வலி மாத்திரையுடனோ மதுவுடனோ சேர்ந்தால் மூச்சு மந்தமாகலாம்.

இத்தனைக்கும் முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை: உடலில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் இது குறைந்திருக்கலாம். பெரியவர்களுக்கு ஒரு மில்லிலிட்டருக்கு 75 நானோகிராம் அல்லது அதற்குக் கீழ் இருந்தால் இந்த நோய்க்கு இரும்புச்சத்து தருகிறோம்; ஆய்வக அறிக்கையோ அதைவிடக் குறைந்த அளவையும் இயல்பு என்றே காட்டும். இரும்பு மாத்திரையை டீயுடன் விழுங்காதீர்கள். மலம் கறுத்தால் கலங்க வேண்டாம். மலச்சிக்கல் வந்தால் சொல்லுங்கள். தலசீமியா போன்ற நோய்களில் உடலில் இரும்பு ஏற்கெனவே மிகுந்திருக்கும் என்பதால், பரிசோதிக்காமல் இதையும் தொடங்கக் கூடாது. தொடங்கிய மூன்று மாதத்தில் மறுபடி ஃபெரிட்டின் பார்த்துவிட்டு, தொடரலாமா என்பதை மருத்துவருடன் முடிவு செய்யுங்கள்.